வெள்ளைக்கழிச்சல்: குப்பியிலிருந்து கோழியின் கண் வரை

அத்தியாயம் 6

மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, நேத்து வரைக்கும் நல்லா மேஞ்சிட்டிருந்துச்சு. காலையில பஞ்சாரத்தத் தூக்கினா ரெண்டு செத்துக் கெடக்கு. மூணு தூங்கித் தூங்கி விழுது. ஏதாச்சும் மாத்திரை இருக்கா?"

மாத்திரை இல்லை. கழிச்சல் வந்துவிட்ட கோழியைக் காப்பாற்றும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகும் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். கொடுப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. அதைக் கொடுத்துத் தப்பித்த கோழி கொடுக்காவிட்டாலும் தப்பித்திருக்கும் என்பது என் கணிப்பு. அந்த உருண்டையை உருட்டும் நேரத்தில் பாதியை ஒரு மாதம் முன்னால் தடுப்பு மருந்துக்குச் செலவிட்டிருந்தால் அந்த அழைப்பே வந்திருக்காது.

மற்ற அத்தியாயங்களைவிட இதில் ஆராய்ச்சிக் கதை கொஞ்சம் கூடுதலாக வரும். "இப்படிச் செய்" என்று மட்டும் சொன்னால் நம் ஆட்கள் பாதியைச் செய்து பாதியை விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று தெரிந்தவர் விடுவதில்லை. கீழே வரும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கோ ஒரு ஊரில் செத்து விழுந்த கோழிகளும், அது ஏன் என்று தோண்டிப் பார்த்த ஓர் ஆளும் இருக்கிறார்கள்.

மூன்று ஊர், ஒரு நோய்

1926இல் ஜாவா தீவில் கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுக நகரின் பக்கத்துப் பண்ணை ஒன்றிலும் அதே சாவு. கப்பலில் வந்த இறைச்சியோடு நோயும் கீழை நாடுகளிலிருந்து வந்து இறங்கியிருக்கலாம் என்று அப்போதே சந்தேகித்தார்கள். டாய்ல் என்ற ஆராய்ச்சியாளர் கிருமியைப் பிரித்தெடுத்து, சரியான பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று ஊர்ப் பெயரையே வைத்தார். அந்தத் தற்காலிகப் பெயருக்கு இப்போது நூறு வயது ஆகப்போகிறது.

1927இல் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரில் கோழிகள் விழுந்தன. பக்கத்திலேயே முக்தேஸ்வரில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்த எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்து எழுதினார். அன்றிலிருந்து இந்தியாவில் இது ராணிக்கேத் நோய். நம்மூர் அரசுத் துண்டறிக்கையில் கோழிக்கழிச்சல். வீட்டு வாசலில் வெள்ளைக்கழிச்சல், அல்லது வெறுமனே "சீக்கு".

இந்த வெள்ளைக்கழிச்சல் என்ற பெயரில் ஒரு வில்லங்கம் உண்டு. பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகள் பின்புறத்தில் சுண்ணாம்பு ஒட்டியதுபோல் எச்சம் ஒட்டிச் சாவதையும் சிலர் இதே பெயரால் சொல்கிறார்கள். அது பாக்டீரியாவால் வருவது, தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக இறங்குவது. அதற்கு மருந்தும் வேறு, வழியும் வேறு. மருந்தகத்தில் போய் "வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து" என்று மட்டும் கேட்காதீர்கள். கோழிக்கு எத்தனை வயது, எத்தனை நாளில் எத்தனை செத்தது என்று சொல்லுங்கள். பெயரைவிட அந்த இரண்டு எண்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

எப்படித் தெரிந்துகொள்வது

கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் நோய் தெரியும். இரண்டு நாளிலும் தெரியலாம், இரண்டு வாரமும் ஆகலாம். முதலில் கோழி இரை எடுப்பதை விடும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். இரவில் கூண்டுப் பக்கம் போனால் கரகரவென்று சத்தம் கேட்கும். பச்சையும் வெள்ளையும் கலந்த தண்ணீராகக் கழியும். முட்டை நின்றுபோகும், அல்லது ஓடில்லாமல் விழும். இத்தனையையும் தாண்டிப் பிழைத்ததில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும்; தலை முதுகுப்பக்கம் திரும்பி வானத்தைப் பார்க்கும்; இரையைக் கொத்தினால் குறி தப்பும். கால் அல்லது இறக்கை விழுந்துபோகும்.

எல்லா அறிகுறியும் ஒரே கோழியில் இருக்காது. கொடிய வகை வந்தால் எந்த அறிகுறியும் இல்லாமல் விடியற்காலையில் பிணம்தான் மிஞ்சும். மருந்து போடாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, சில சமயம் நூறும் போய்விடும்.

செத்த கோழியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மருத்துவர் அறுத்து முதலில் பார்ப்பது முன் இரைப்பையை. அதன் உள்சுவரில் புள்ளிபுள்ளியாக ரத்தக்கசிவு இருந்தால் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்வது ஆய்வகம்தான். ஏன் உறுதி செய்ய வேண்டும் என்பதைப் பறவைக் காய்ச்சல் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். அது சாதாரண விஷயமில்லை.

நுங்கும் வாழைப்பழமும்

ஒரே வைரஸ் ஒரு கூட்டத்தில் தும்மலோடு போகிறது, இன்னொரு கூட்டத்தை இரண்டு நாளில் துடைத்துவிடுகிறது. தடுப்பு மருந்துகூட இதே வைரஸின் சாதுவான வகைதான். இது எப்படி என்பது ஆராய்ச்சியாளர்களை நெடுங்காலம் குழப்பியது.

விடை வைரஸின் மேலுறையில் இருக்கிற ஒரு புரதத்தில் கிடைத்தது. அதற்கு எஃப் புரதம் என்று பெயர். அது ஓர் இடத்தில் வெட்டப்பட்டால்தான் வைரஸ் கோழியின் உயிரணுவுக்குள் நுழைய முடியும். நுங்கைத் தின்ன அரிவாள் வேண்டும். வாழைப்பழத்தைக் குழந்தைகூடக் கையால் உரித்துவிடும். சாதுவான வகை நுங்குபோல. அதை வெட்டத் தகுந்த நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் இருக்கிறது. அதனால் அது அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றுவிடும். கொடிய வகையின் வெட்டுமிடத்தில் அமினோ அமிலங்கள் வேறு மாதிரி அமைந்திருக்கும். உடம்பின் எல்லா உயிரணுவிலும் இருக்கிற சாதாரண நொதியே அதை வெட்டிவிடும். அதனால் அது மூளை, கல்லீரல், ரத்தக்குழாய் என்று பாகுபாடில்லாமல் பாயும். வைரஸின் மரபுச் சரத்தில் மொத்தம் சுமார் 15,000 எழுத்துகள். அவற்றில் சில எழுத்துகள் வாழ்வா சாவா என்று முடிவு செய்கின்றன.

இதை ஆய்வகத்துக்கு வெளியே கண்கூடாகப் பார்த்த இடம் ஆஸ்திரேலியா. 1932க்குப் பிறகு அங்கே கொடிய கழிச்சல் இல்லை. சாதுவான வகை மட்டும் பண்ணைகளில் யாருக்கும் தெரியாமல் உலவிக்கொண்டிருந்தது. 1998இல் சிட்னிக்குப் பக்கத்தில் திடீரென்று கோழிகள் சாகத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து வந்ததோ என்று தேடியவர்களுக்குக் கிடைத்த பதில்: உள்ளூர்ச் சாது வைரஸே வெட்டுமிடத்தில் மாறிக் கொடியதாகிவிட்டது. அடுத்த ஆண்டு மாங்ரோவ் மவுண்டன் பகுதியில் மீண்டும் வெடித்தபோது சுமார் 19 லட்சம் கோழிகளை அழித்தார்கள்.

கோழி வளர்ப்பவருக்கு இதில் என்ன? "போன வருஷம் லேசாத்தான் வந்துச்சு, தானா சரியாப் போச்சு" என்ற நிம்மதிக்கு அடிப்படை இல்லை. லேசாக வந்ததும் கவனிக்க வேண்டியதே.

எந்த மருந்து, எந்த வயதில்

இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை நாம் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. 1940இல் ஐயர், டாப்சன் இருவரும் வைரஸைக் கருவுற்ற முட்டையில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியத்தைக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். 1946இல் ஹாடோ, இத்னானி இருவரும் முக்தேஸ்வரில் உருவாக்கிய வகைதான் இன்றும் இறக்கைக்கு அடியில் போடும் ஆர்2பி ஊசி. அதே காலத்தில் அமெரிக்காவில் நியூஜெர்சியைச் சேர்ந்த ஒரு பண்ணையாளரின் கோழியிலிருந்து எடுத்த சாதுவான வகை அவர் குடும்பப் பெயராலேயே லசோட்டா ஆனது. இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் கண்டது எஃப் வகை. மருந்தகத்துக் குளிர்பெட்டியில் நீங்கள் பார்க்கும் பெயர்கள் எல்லாம் இந்தக் கதைகளின் மிச்சம்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் எஃப் அல்லது பி1 என்ற இன்னொரு சாதுவான வகை, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நான்காம் வாரம் லசோட்டா, சொட்டாகவோ குடிநீரிலோ. எட்டாம் வாரம் ஆர்2பி, இறக்கையின் கீழ்த் தோலுக்கடியில் அரை மில்லி. பதினாறாம் வாரம் மறுபடியும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். வயிறு நிறையப் புழுவை வைத்துக்கொண்டிருக்கிற கோழிக்கு எந்த மருந்தும் சரியாகப் பிடிக்காது.

"பொரிச்ச அன்னைக்கே போட்டா என்ன, இன்னும் பாதுகாப்புத்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து போட்ட தாயின் குஞ்சு பிறக்கும்போதே மஞ்சள்கரு வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருளை வாங்கிக்கொண்டு வருகிறது. அது நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது நிறைய இருக்கும்போது மருந்தைப் போட்டால், தாய் கொடுத்த அந்தக் காவல் மருந்து வைரஸையும் அடித்துவிடும். குஞ்சு தானாக எதையும் கற்றுக்கொள்ளாது. ஒரேயடியாகத் தள்ளிப்போட்டால் காவல் தீர்ந்த இடைவெளியில் நோய் புகுந்துவிடும். ஏழாம் நாளும் நான்காம் வாரமும் இந்த இரண்டுக்கும் நடுவில் பிடித்த சமரசம்.

ஆர்2பி பற்றி ஓர் எச்சரிக்கை. அது பாதி அடக்கிய வகைதான். சாது மருந்து ஒருமுறைகூடப் போடாத கோழிக்கோ, எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கோ போட்டால் கால் விழலாம், செத்தும் போகலாம். உலக விலங்குநல அமைப்பு வகுத்திருக்கும் வீரிய அளவுகோலில் அது கொடிய வகைக் கோட்டைத் தாண்டியே நிற்கிறது. ஐரோப்பாவில் இதைத் தொடமாட்டார்கள். நம்மூரில் நாட்டுக்கோழிக்கு நீண்ட நாள் பாதுகாப்பு தருவதால் வைத்திருக்கிறோம். இருக்கட்டும், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

என் தவறு ஒன்று

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சித்திரை மாதம், இரண்டு கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோனேன். முதல் ஊரில் வேலை முடிந்ததும் மீதிக் குப்பிகளை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டேன். ஐஸ் கரைந்துவிட்டது தெரியும். "பதினஞ்சு நிமிஷந்தானே" என்று நினைத்தேன். வழியில் ஒரு வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். இரண்டாவது ஊரில் எல்லாக் கோழிக்கும் ஒழுங்காகச் சொட்டு விட்டேன். ஆறு வாரம் கழித்து முதல் ஊரில் ஒன்றும் இல்லை. இரண்டாவது ஊரில் கழிச்சல் அடித்துக்கொண்டு போனது. ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "நீ போட்டதுலதான்யா செத்துச்சு" என்றார். மருந்து கொல்லவில்லை என்று நான் விளக்கியிருக்கலாம். ஆனால் நான் போட்டது மருந்தே இல்லை, வெறும் தண்ணீர். எதைச் சொல்லி விளக்குவது?

உறையவைத்து உலர்த்திய இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரம்தான், அதுவும் நிழலில். ஐஸ்பெட்டியில் ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மருந்து வாங்கப் போகும்போதே தெர்மாஸ் எடுத்துப் போங்கள். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்க வேண்டாம். கூச்சப்படாதீர்கள்.

குளிர்பெட்டி இல்லாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்வியை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து பீட்டர் ஸ்ப்ராட்புரோ. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 1960களில் நோயே இல்லாத ஒரு கோழியின் இரைப்பையிலிருந்து வி4 என்ற வகை கிடைத்திருந்தது. கோழிக்குத் தீங்கு செய்யாது; வெப்பத்தையும் தாங்கும். மலேசிய ஆராய்ச்சியாளர்களும் அவரும் சேர்ந்து அதில் இன்னும் வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அவருடைய குழு ஐ-2 என்ற வகையைப் பிரித்தெடுத்து, ஏழை நாடுகளின் ஆய்வகங்கள் தாங்களே தயாரித்துக்கொள்ளக் காசு வாங்காமல் கொடுத்தது. உலர்த்திய ஐ-2 சுமார் 28 டிகிரியில், இருட்டில் வைத்தால் எட்டு வாரம் தாங்கும். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் ஊர்க்காரர்களே பயிற்சி பெற்றுச் சொட்டு மருந்து விட்டார்கள். மொசாம்பிக்கில் அதற்கென்றே மார்ச், ஜூலை, நவம்பர் என்று மூன்று மாதங்களை வகுத்துக்கொண்டார்கள்.

அரிசியில் கலந்து போட்டுவிடலாம் என்ற ஆசையும் ஆராய்ச்சியாளர்களுக்கு வந்தது. யாருக்குத்தான் வராது, கோழியைத் துரத்திப் பிடிப்பதைவிடச் சுலபம் அல்லவா. போட்டுப் பார்த்தார்கள். வெந்த சோற்றில் வைரஸ் பிழைத்தது. சில பச்சைத் தானியங்களில் உள்ள பொருள்கள் அதை முடக்கின. தீனி வழியாகக் கொடுத்ததில் பாதுகாப்பு கண் சொட்டைவிடக் குறைவு, திரும்பத் திரும்பக் கொடுத்தால் கூடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இதே வழியில் போய், வெப்பம் தாங்கும் டி58 என்ற வகையைக் கொண்டு நாட்டுக்கோழிக்குக் குருணை வடிவில் வாய்வழி மருந்து தயாரித்திருக்கிறது. மரத்தில் அடையும் கோழி, பிடிபடாத கோழி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வரம். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவை அப்படியே பின்பற்றுங்கள். தவிட்டில் கலந்து எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொட்டினால் பெரிய சேவல் மட்டும் தின்று ஏப்பம் விடும். கோழியைக் கையில் பிடிக்க முடியும் என்றால் என் ஓட்டு கண் சொட்டுக்கே.

சொட்டு விடும் விதம்

கண்ணின் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது, ஹார்டர் சுரப்பி என்பார்கள். கோழியின் எதிர்ப்பாற்றலுக்கு அது ஒரு முக்கியமான பள்ளிக்கூடம். சொட்டு அங்கே போய்ப் பாடம் நடத்துகிறது. மூக்குக்குழாயிலும் இறங்குவதால் நோய் நுழையும் வாசலிலேயே காவல் நிற்கும்.

சாயங்காலம் கோழி அடையும் நேரம் அல்லது விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் விட வேண்டும். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கண்ணில் ஒரே ஒரு சொட்டு விட்டுவிட்டு, கோழி கண்ணைச் சிமிட்டி அதை உள்ளே இழுக்கும் வரை பிடித்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறிவிடும், சொட்டு உங்கள் சட்டையில் இருக்கும். கரைப்பானில் லேசாக நிறம் கலந்திருந்தால் நாக்கில் நிறம் தெரிகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். சொட்டுக்குழாயை பினாயிலில் கழுவக் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும். 100 கோழிக்கு உரிய குப்பியை 150 கோழிக்கு நீட்டுவது பழைய தந்திரம். இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றிய பாலை எத்தனை பேர் குடித்தாலும் அது பால் ஆகாது.

குடிநீரில் கொடுத்தால் முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் வைக்காமல் தாகப்பட விடுங்கள். கோடையில் அதையும் காலை நேரத்தில் மட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மருந்து வைரஸைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கொஞ்சம் கலந்து, பிறகு மருந்தைக் கரையுங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து போட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். 1940களின் தொடக்கத்தில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெல்போர்னின் பர்னெட், ஆய்வகத்தில் இந்த வைரஸ் கண்ணில் பட்டு ஒருவருக்குக் கண் சிவந்து வீங்கியதைப் பதிவு செய்தார். சில நாளில் தானாகச் சரியாகும். ஆபத்தில்லை, ஆனால் கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு என்ன வலி?

மருந்து போட்ட பிறகும்

இது பலருக்குக் கசக்கும் உண்மை. ஒழுங்காக மருந்து போட்ட கோழி பெரும்பாலும் சாகாது. ஆனால் கொடிய வைரஸ் அதன் உடலில் புகுந்தால் எச்சத்திலும் சளியிலும் கொஞ்ச நாள் வைரஸை வெளியேற்றும். இப்போது சுற்றும் வகைகளும் 1940களின் மருந்து வகைகளும் மரபில் விலகிப்போய்விட்டதால், வெளியேற்றத்தைக் குறைக்க இன்றைய வகைக்குப் பொருத்தமான மருந்துகளை உருவாக்கிப் பரிசோதிக்கிறார்கள். சாவைத் தடுக்கப் பழைய மருந்தும் போதும், ஒழுங்காகப் போட்டால். ஆனால் கண்ணுக்கு நலமாகத் தெரியும் உங்கள் கோழி பக்கத்து வீட்டின் மருந்து போடாத கோழிக்கு நோயைக் கொடுக்கலாம். கூட்டத்தில் நூற்றுக்கு 85க்கு மேல் நல்ல எதிர்ப்பாற்றலோடு இருந்தால்தான் நோய் பரவாமல் நிற்கும் என்று நெதர்லாந்தில் கணக்கிட்டார்கள். நாட்டுக்கோழியில் வருஷம் முழுவதும் குஞ்சு பொரிந்துகொண்டே இருக்கும். இன்று நூறும் காவலில் இருந்தால் நான்கு மாதம் கழித்துப் பாதிதான். அதனால்தான் அரசு ஆண்டுதோறும் நடத்தும் இருவார முகாமுக்குப் போவதோடு நிற்காமல், இடையில் பொரிந்தவற்றுக்குத் தனியாகக் கணக்கு வைக்கச் சொல்கிறேன். முகாமுக்குத் தெருவே சேர்ந்து போங்கள். மூன்று வீடு போட்டு நான்காவது வீடு விட்டால் நான்காவது வீடு எல்லாருக்கும் உலை வைக்கும்.

நோய் ஊருக்குள் வரும் பெரிய வாசல் சந்தை. ஒரு கோழி தூங்கி விழுந்தால் மீதியை அன்றே விற்றுவிடுவது நம் வழக்கம். செய்பவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை; செத்தால் காசு போகும். ஆனால் ஐந்து ஊர்க் கோழி கூடும் இடத்தில் அந்த ஒரு கூடை இறங்குகிறது. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். சர்வதேச விதிகளும் இந்த நோய்க்கு 21 நாளைத்தான் கணக்கில் எடுக்கின்றன.

காட்டுப் பறவைகள் வழி

புறா விஷயத்தை இன்னும் பெரும்பாலான புத்தகங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகின்றன. 1970களின் பிற்பகுதியில் மத்திய கிழக்கில் புறாக்களிடையே இந்த வைரஸின் ஒரு வகை பரவியது. 1981இல் இத்தாலி, 1983இல் பிரிட்டன். 1984இல் பிரிட்டனில் கோழிப்பண்ணைகளில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கழிச்சல் வெடித்தது. தேடிக்கொண்டே போனவர்கள் கடைசியில் போய் நின்றது லிவர்பூல் துறைமுகத்தின் தானியக் கிடங்கில். அங்கே கூடு கட்டியிருந்த புறாக்கள் தானியத்தின்மேல் எச்சமிட்டிருந்தன. அந்தத் தானியம் அரைபட்டுத் தீவனமாகிப் பண்ணைக்கு வந்தது. இதற்குப் புறா பண்ணைக்குள் பறந்து வரத் தேவையே இருக்கவில்லை.

1992இல் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் இரட்டைக்கொண்டை நீர்க்காகங்களின் கூடுகளில் குஞ்சுகள் கால் விழுந்து, கழுத்து முறுக்கிக் கிடந்தன. அதே ஆண்டு வடக்கு டகோட்டாவில் ஒரு வான்கோழிப் பண்ணைக்கும் நோய் வந்தது. கலிபோர்னியாவில் 1971இல் விற்பனைக்கு இறக்குமதியான கூண்டுப்பறவைகள் கொண்டுவந்த நோயை ஒழிக்கச் சுமார் 1.2 கோடி கோழிகளை அழித்தார்கள். நம் நாட்டில் மயிலிலும் புறாவிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது.

மயில் வயலுக்கு வருவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தடுக்க முடிவது தீவன மூட்டையை. வாய் கட்டி, எலி ஏறாத தகரப் பீப்பாயில் வையுங்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டில் புறா இறங்கிக் குடிப்பதைப் பார்த்தால் தட்டைக் கூரைக்குள் நகர்த்துங்கள். வீட்டில் புறா வளர்ப்பவர் புறாவுக்கும் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வந்துவிட்டால்

இப்போது பறவைக் காய்ச்சல். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அனுபவம் உள்ள மருத்துவராலும் முடியாது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பறவைக் காய்ச்சல் உறுதியானது. பின்னாளில் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் வாத்துக் கூட்டங்கள் அதே நோயில் விழுந்தன. கழிச்சலில் வாத்து பெரும்பாலும் சாகாது. கோழியோடு வாத்தும் சேர்ந்து சாகிறது, அல்லது பக்கத்தில் காகங்கள் விழுந்து கிடக்கின்றன என்றால் தொடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மாதிரியைப் போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு ஆய்வகம்தான் உறுதி செய்யும். கழிச்சல் பொதுவாக மனிதரைக் கொல்லாது, பறவைக் காய்ச்சல் கொல்லும். "எப்பவும் வர்ற சீக்குதான்" என்று அறுத்துக் குழம்பு வைப்பது இந்தக் காரணத்தால் ஆகாது.

கழிச்சல் என்று உறுதியானால் நோயுற்றதைத் தனியாக்குங்கள். இன்னும் நலமாக இருப்பவற்றுக்கு மருந்து போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சில சமயம் மீதியைக் காப்பாற்றும், ஏற்கனவே கிருமி வாங்கிவிட்டதைக் காப்பாற்றாது. செத்ததை ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்த ஊருக்குப் பார்சல் அனுப்புகிறீர்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு நீரும் சுண்ணாம்பும் வெயிலும் அதை உடைக்கும். ஆனால் எச்சத்துக்குள் புதைந்திருப்பதைச் சோப்பு தொடாது. முதலில் சுரண்டி எடுங்கள், பிறகு கழுவுங்கள், பிறகு வெள்ளையடியுங்கள். மூன்று, நான்கு வாரம் கூண்டைக் காலியாகக் காயவிடுங்கள்.

அடுத்த தொகுப்புக் குஞ்சு வந்த அன்றே ஏழாம் நாளையும் இருபத்தெட்டாம் நாளையும் எழுதி வையுங்கள். கிழிக்கிற தினசரி காலண்டரில் எழுத வேண்டாம். ஒரு வீட்டில் அந்தத் தாளைக் கிழித்துப் பேரன் கப்பல் விட்டுவிட்டான். மாதக் காலண்டரில், கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில், கரியால் எழுதினாலும் சரி.